பெரியம்மாவின் ஃபைலில் இருந்த ஸ்டிக்கர்

பெரியம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நன்றாக நடக்கிறார். ஆனாலும் போன வாரம் அவர் பீரோவைக் குடைந்து மருத்துவமனை ஃபைலைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் மூன்று சிறிய ஸ்டிக்கர்கள்: உள்ளே வைத்த மூட்டின் பெயர், அளவு, லாட் எண். ஒன்று பசை விட்டு ஓரம் சுருண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டிபூய் விற்ற ஏ.எஸ்.ஆர். மூட்டைப் பற்றிப் படித்ததால் வந்த பயம் இது. அதில் தொடை எலும்பின் தலைக்குப் பதிலாக வைக்கும் பந்து, அது சுழலும் கிண்ணம் இரண்டுமே கோபால்ட்-குரோமியம் உலோகம். கிண்ணத்தின் ஆழம் குறைவு என்பதால் பந்து அதன் விளிம்பில் உரசியது. நடக்க நடக்க உலோகம் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சுற்றியுள்ள சதையில் இறங்கியது. மறுபடி திறந்து பார்த்த மருத்துவர்கள் கண்டது கறுத்துப்போன திசுவை. சிலருக்கு எலும்பும் அரித்திருந்தது. ரத்தத்தில் கோபால்ட் ஏறினால் காது, கண், இதயம் வரை பாதிக்கும். அலாஸ்காவின் எலும்பு மருத்துவர் ஸ்டீபன் டவர், தமக்கு வைத்த மூட்டினாலேயே இதை அனுபவித்து, மருத்துவ இதழில் எழுதினார்.

2010 ஆகஸ்டில் இந்த மூட்டை உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டதை, யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள் என்று குறித்துவைக்கும் இங்கிலாந்தின் மூட்டுப் பதிவேடு காட்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பரிலேயே விற்பனை நின்றுவிட்டது. அங்கும் பதிவேடுதான் கண் திறந்தது.

இங்கே? சுமார் 4,700 பேருக்கு இதைப் பொருத்தியிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றது மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு. 2018இல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று கணக்கு வகுத்தார்கள். யார், எந்த ஊர் என்றே தெரியாதவருக்கு அந்தப் பணம் எப்படிப் போய்ச் சேரும்? பணத்தை விடுங்கள். ரத்தத்தில் கோபால்ட் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லக்கூட ஆளில்லையே! பொருத்தும் ஒவ்வொரு மூட்டையும் நோயாளியின் பெயரோடு பதிவு செய்வதை எல்லா மருத்துவமனைக்கும் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். விற்றவருக்குப் பில் இருக்கிறது. சுமப்பவருக்கு ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டாமா?

ஸ்டிக்கர்களைப் போட்டோ எடுத்துக் குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பினேன். பெரியம்மாவுக்கு உடனே எதிர்வீட்டு மாமாவின் நினைவு வந்துவிட்டது. அவருக்கும் இதே இடுப்பு மூட்டு அறுவை நடந்தது 2008இல். பொங்கலிலிருந்து தொடை வலி, வயதாகிவிட்டது என்கிறாராம். போய்க் கேட்டேன். ஃபைல் 2015 வெள்ளத்தில் போய்விட்டது. என்ன மூட்டு என்று அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.