அம்மை ஊசியால் ஆட்டிசம் வராது

"ஒன்றரை வயசு தட்டம்மை ஊசியாலதான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருது, போடாதீங்க" என்று ஒரு குரல் பதிவு தாராவித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது பொய்.

1998இல் பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைதான் இதற்கு வேர். அவர் பார்த்தது வெறும் 12 குழந்தைகளை. 2010இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, மருத்துவராகத் தொழில் செய்யும் அவருடைய உரிமமும் பறிபோனது. 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அலசினார்கள். எந்தத் தொடர்பும் இல்லை.

சரி, அப்புறம் ஏன் நம்புகிறார்கள்? இந்த ஊசியின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். பேர் சொல்லிக் கூப்பிட்டும் பிள்ளை திரும்பாதது போன்ற ஆட்டிச அறிகுறிகள் நம் கண்ணில் உறைப்பதும் கிட்டத்தட்ட அதே வயதில்தான். பக்கத்து வீட்டு அக்கா தடுப்பூசி அட்டையில் அந்தத் தேதியை விரலால் தேய்த்தபடி, "அன்னைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது" என்றார். பையனின் முதல் பிறந்தநாள் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். எல்லாரும் கைதட்டிக் கூப்பிடுகிறார்கள். அவனோ மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அக்கா அட்டையை மடித்து வைத்துவிட்டார்.

தட்டம்மையோ நிஜமான ஆபத்து. 2022 கடைசியில் இதே மும்பையில், கோவண்டிப் பக்கம், அது பரவிக் குழந்தைகள் இறந்தார்கள்.