பேஸ்மென்ட் சம்புக்கு பம்ப் வாங்கும் முன்: பெட்டியில் இருக்கும் லிட்டர் கணக்கை மறந்துவிடுங்கள்

டொராண்டோ, மார்க்கம் பக்கத்து வீடுகளில் மேலே ஹாலில் கடல்மீன் தொட்டி, கீழே பேஸ்மென்டில் சம்ப் என்று அமைப்பவர்கள் உண்டு. சம்ப் என்றால் மேல் தொட்டித் தண்ணீர் குழாய்வழி வடிந்து வந்து சுத்தமாகும் கீழ்த்தொட்டி; அங்கிருந்து பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். நல்ல ஏற்பாடுதான். ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவி) சத்தம், உப்புத்தண்ணீர் கலக்குவது எல்லாம் கீழேயே முடிந்துவிடும். ஆனால் தொட்டிக்கு நேர் அடியில், ஸ்டாண்டுக்குள் சம்ப் வைப்பவர்களின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு பம்ப் வாங்கினால் காசு வீண்.

முதலில் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சம்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் தண்ணீர் மட்டம் வரை. பம்ப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது இதில் சேராது. 8 அடி பேஸ்மென்ட், 1 அடி தரைக்கட்டை, 3 அடி ஸ்டாண்ட், 2 அடித் தொட்டி, சம்பில் நிற்கும் தண்ணீருக்கு 1 அடி கழித்தால் 13 அடி. இனி பம்பின் வளைகோட்டுப் படத்தில் (எந்த உயரத்தில் எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் படம்) 13 அடிக்கு நேரே எவ்வளவு ஓட்டம் என்று பார்க்க வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது பூஜ்ய அடியில் வரும் ஓட்டம். ரீஃப்லோ டார்ட் மணிக்கு 13,000 லிட்டருக்கு மேல் தள்ளும் அருமையான பம்ப். ஆனால் 12 அடியை ஒட்டி மூச்சு முட்டிவிடும். பேஸ்மென்டுக்கு அது ஆகாது. ஐவாக்கி பிராண்டு பம்ப் வாங்குபவர்கள் மாடல் பெயரில் எக்ஸ் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்: இருந்தால் ஓட்டம் அதிகம், அழுத்தம் குறைவு. நமக்கு எக்ஸ் இல்லாததுதான் வேண்டும்.

எவ்வளவு ஓட்டம் போதும்? இங்கேதான் எனக்குப் பலரோடு ஒத்துப்போவதில்லை. மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் 10 மடங்கு சுழற்சி பேஸ்மென்டில் வெறும் ஆடம்பரம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 680 லிட்டர். அதற்கு மணிக்கு 3,500 லிட்டர் தாராளம். பவளத்துக்கு வேண்டிய அலையை மேலேயே வேவ்மேக்கர் கொடுக்கட்டும். அது தண்ணீரை மாடி ஏற்றுவதில்லை, அதனால் செலவும் சொற்பம். 3,500 லிட்டரை 13 அடி ஏற்ற இயற்பியல் கேட்பது 40 வாட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 35 சதவீதத் திறன் என்றால் கரண்ட் 115 வாட் இழுக்கும், ஆண்டுக்கு சுமார் 1,000 யூனிட். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஹைட்ரோ பில் (கரண்ட் பில்) இரட்டிப்பைத் தாண்டும், குழாய் உராய்வு கிட்டத்தட்ட நான்கு மடங்காவதால். இதே வேலையை 40 வாட்டில் முடிப்பேன் என்று ஒரு பம்ப் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

உராய்வு என்றதும் குழாய். 26 அடி நீளம், 4 எல்போ, அதே 3,500 லிட்டர். 1 அங்குலக் குழாயில் கூடுதலாக நாலரை அடி உயரம் ஏற்றுவதற்குச் சமமான இழப்பு. ஒன்றரை அங்குலத்தில் முக்கால் அடிகூட இல்லை. பம்பின் வாய் 1 அங்குலம்தான் என்று குழாயையும் 1 அங்குலத்தில் போடுவது பரவலான தவறு. வாயிலேயே ரெடியூசர் வைத்துப் பெரிதாக்கி, மேலே தொட்டிக்குள் நுழையும் இடத்தில் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு. வெளியே வைக்கும் பம்பாக இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் வால்வை ஒருபோதும் நெரிக்காதீர்கள், பம்ப் கரகரக்கும். ஓட்டத்தைக் குறைப்பது வெளியேறும் பக்கத்தில்தான். இரு பக்கமும் யூனியனும் (திருகிக் கழற்றும் இணைப்பு) தண்ணீரை அடைக்கப் பால் வால்வும் (ball valve) போட்டால், கழற்றிக் கழுவ ஐந்து நிமிடம். பித்தளை வால்வு, செம்புப் பாகம் எதுவும் வேண்டாம்: உப்புநீரில் கரையும் செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

சம்பைத் தரையில் வைக்காமல் இரண்டரை அடி மேடையில் ஏற்றிவிட்டால் 13 அடி பத்தரை ஆகிவிடும். பெரிய பம்ப் வாங்கும் காசுக்கு நாலு மரக்கட்டை. முதுகுக்கும் நல்லது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைக் குழாய் ஒட்டுவதற்கு முன்பே கணக்கிடுங்கள். மேல் தொட்டியில் 1 அங்குலம் தண்ணீர் இறங்கினால் 28 லிட்டர். பம்பிலிருந்து மேலே போகும் ரிட்டர்ன் குழாயில் நிற்பது 10 லிட்டர். மேல் தொட்டியில் வழியும் நீரைப் பிடிக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியும், அதைக் கீழே இறக்கும் வடிகுழாயும் சேர்த்து, சம்பில் 60 லிட்டருக்குக் குறையாமல் காலியிடம் வேண்டும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வை நம்பி இடத்தைக் குறைக்காதீர்கள். ஒரு குட்டி நத்தை நுழைந்தாலோ சுண்ணாம்பு படிந்தாலோ மூடாது. ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, அதன் மேல் ஒரு சிறு துளை. காற்று புகுந்து சைஃபன் (தண்ணீர் தானே கீழே இழுபடுவது) அறுந்துவிடும். பாசி அடைக்காமல் மாதாமாதம் குத்திவிடவும்.

தலைகீழான ஆபத்தை யாரும் யோசிப்பதில்லை: வடிகுழாய் அடைத்துக்கொண்டால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். சம்பில் பம்ப் அறைத் தண்ணீர் மொத்தமும் மேலே போனாலும் தொட்டி வழியக்கூடாது. விளிம்புக்குக் கீழே 1 அங்குலம்தான் இடம் என்றால் அந்த அறையில் 25 லிட்டருக்கு மேல் வேண்டாம். சின்ன அறையில் ஆவியாதலால் மட்டம் சீக்கிரம் இறங்கும் என்பதால் தானாக நல்ல தண்ணீர் நிரப்பும் கருவி கட்டாயம்.

எல்லாம் பொருத்தியதும் உப்பு போடாமல் வெறும் தண்ணீரில் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சம்ப் மட்டம் ஏறி நின்ற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, மறுபடி ஓடவிடுங்கள். வடிகுழாயில் காற்று வெளியேறி ஓட்டம் சீராக ஓரிரு நிமிடம் ஆகும், அதற்குள் பயந்து வடிகுழாயின் கேட் வால்வைத் திருக வேண்டாம்.