உங்க டெய்லர் கூகுள் பண்ணியிருக்கலாம்

மூணு நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். அந்தக் கிளிப்பை இதுவரைக்கும் பதினோரு பேர் அனுப்பிட்டீங்க, "பார்த்தியா, பார்த்தியா"ன்னு. பார்த்தேன். மூணாவது வரிசையில உட்கார்ந்து நேர்லயே பார்த்தேன். 1920கள் ஜாஸையும் பெல்லி டான்ஸையும் கலந்து ஒரு பொண்ணு ஆடி முடிச்சா, அவ காஸ்ட்யூமைத் தச்சவ நான். நடுவர் மைக்கைப் பிடிச்சுச் சொன்னது இது:

"நடனம் பிரமாதம். காஸ்ட்யூம்தான் இடிக்குது. ஜாஸும் இல்ல, பெல்லியும் இல்ல. உங்க டெய்லர் கொஞ்சம் கூகுள் பண்ணியிருக்கலாம்."

அரங்கமே சிரிச்சது. மேடையில மூச்சு வாங்கிக்கிட்டு நின்ன பொண்ணும் மரியாதைக்குச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். பக்கத்து சீட்டுக்காரங்க என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தா வேற என்ன செய்ய?

முதல்லயே சொல்லிடறேன், டெய்லர்னு சொன்னதுல எனக்கு வருத்தமே கிடையாது. எங்கப்பா டெய்லர். திருநெல்வேலியில இருந்து வந்து தாராவியில ஒத்தை மெஷின் போட்டு, ஸ்கூல் யூனிஃபார்மும் பாவாடையும் தச்சுத்தான் என்னைப் படிக்க வச்சார். அந்த வார்த்தை எனக்கு வசவு இல்லை. கூகுள்தான் வசவு. ஒண்ணும் தெரியாம ஜமிக்கியை அள்ளித் தெளிச்சுட்டா இவன்னு அதுக்கு அர்த்தம்.

நாலு மாசம் தெளிச்சேன். எப்படின்னு சொல்றேன், கேளுங்க.

1920கள் ஜாஸ் கவுன்னதும் எல்லாருக்கும் மனசுல ஒரு படம் வரும். தோள்ல இருந்து நேரா இறங்குற குழாய் மாதிரி உடுப்பு. மார்பைத் தட்டையாக் காட்டும். இடுப்புக் கோட்டை இடுப்புல வைக்காம ஒரு சாண் கீழ இறக்கி வைக்கும். சார்ல்ஸ்டன்ங்கற அந்தக் காலத்து ஆட்டத்துக்கு அது போதும், அதுல வேலையெல்லாம் முழங்காலுக்கும் பாதத்துக்கும்தான். பெல்லி டான்ஸ் நேர் எதிர். வயிறு தனியா, விலா தனியா, இடுப்பெலும்பு தனியா அசையணும். அசையறது கடைசி வரிசைக்குத் தெரியணும். அந்தக் குழாயை அப்படியே மாட்டிவிட்டா, ஏழு வருஷம் அவ கத்துக்கிட்டதெல்லாம் சாக்குக்குள்ள பூனை புரண்ட மாதிரிதான் தெரியும்.

அதனால உடுப்பை ரெண்டா வெட்டினேன். மேல கழுத்தும் முதுகும் அந்தக் காலத்து ஆழமான வெட்டு, விலாவோட முடிஞ்சிடும். வயித்துக்குத் தோல் நிற நெட். பெல்ட்டை எங்க வைக்கறதுன்னுதான் ரெண்டு வாரம் பேப்பர் பேட்டர்னைக் கட்டிக்கிட்டு அழுதேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி உறைச்சது. ஜாஸ் கவுனோட தாழ்ந்த இடுப்புக் கோடு எங்க விழுதோ, பெல்லி டான்ஸ் பெல்ட்டும் அங்கதான் உட்காருது. அதே எலும்பு! ரெண்டும் சந்திக்கிற இடம் உடம்புலயே இருக்கு, நான்தான் துணியில தேடிக்கிட்டிருந்திருக்கேன்.

பெல்ட்டுக்கு உள்ள ரெண்டு அடுக்கு பக்ரம், விறைப்பான உள்துணி. மெத்துனு இருந்தா ஷிம்மி பண்ணும்போது, அதாவது இடுப்பை வேகமா நடுக்கும்போது, மடங்கிடும், எலும்பு அசையறது வெளிய வராது. மணித் தொங்கல் நடுவுல அஞ்சு இஞ்சு, பக்கவாட்டுல ஒன்பது. குட்டைச் சரம் உடனே நடுங்கும், நீளச் சரம் ஒரு கண்ணிமை தாமதிச்சு வந்து சேரும். ட்ரம்பெட் நின்னப்புறமும் இடுப்பு ஓயலைங்கற மாதிரி தோணறது அதனாலதான். ஒவ்வொரு சரத்துக்கும் தனி முடிச்சு. ரெடிமேட் தொங்கல் டேப்பை மீட்டர் கணக்குல வாங்கி ஒட்டியிருந்தா அரை நாள் வேலை. ஒரு நூல் அறுந்தா மேடை பூரா மணி கொட்டும், அவ கால் வழுக்கும்.

பாவாடை கிராஸ்ல, அதாவது துணியைச் சாய்வா வச்சு வெட்டினது. மணி தச்ச ஜார்ஜெட்டை உடனே விளிம்படிச்சா அது அதோட பாரத்துலயே கோணலா இறங்கும். டம்மியில மாட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். விடிஞ்சு பார்த்தா ஒரு பக்கம் ஒன்றரை இஞ்சு இறங்கியிருந்தது. "துணி தொங்கி முடிக்கட்டும், அப்புறம் கத்திரியை எடு"ன்னு அப்பா சொல்வார். இதை கூகுள் சொல்லாது சார்.

இப்ப அந்த வலைத்துணி. "இது லக்னோ முகைஷ்தானே, எகிப்து எங்க வந்தது?"ன்னும் அந்த நடுவர் கேட்டார். முகைஷ்னா உலோகப் பட்டையைத் துணியில கோத்துப் பண்ற லக்னோ கைவேலை. கிளிப்ல அது வரலை, அதுக்குள்ள நிறுத்திட்டாங்க.

எகிப்துல நைல் கரையில அஸ்யூத்னு ஒரு ஊர். அந்த ஊர் பேர்லயே ஒரு துணி உண்டு. பருத்தி, லினன் வலையில தட்டையான உலோகப் பட்டையை ஊசியில கோத்து, மடிச்சு நசுக்கி, புள்ளி புள்ளியாக் கோலம் மாதிரி போட்டுக்கிட்டே போவாங்க. 1922 நவம்பர்ல துட்டன்காமன் கல்லறை கிடைச்சதும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எகிப்துப் பைத்தியம் பிடிச்சது. அஸ்யூத் சால்வையையே வெட்டி கவுனாத் தச்சுப் போட்டுக்கிட்டாங்க. அதாவது, ஜாஸ் கேட்டு ஆடின பொம்பளைங்க அன்னிக்கே எகிப்துத் துணி கட்டினவங்க. இன்னிக்கு ஃப்யூஷன் பெல்லி டான்ஸ்காரங்க உயிரை விடறதும் அதே துணிக்குத்தான். ரெண்டையும் நான் ஒட்டவைக்கலை. நூறு வருஷமா ஒட்டித்தான் இருக்கு.

நான் போட்டது அசல் அஸ்யூத் இல்லை. ஒத்துக்கறேன். பழைய சால்வை ஒண்ணு வாங்கற காசுக்கு அந்தப் பொண்ணு ஒரு வருஷம் ஆடினாலும் கட்டாது. அதனால நெட் வாங்கி அதுல முகைஷ் பண்ணச் சொன்னேன். அதுவும் தட்டைப் பட்டைதான், அதையும் மடிச்சு நசுக்கித்தான் பண்ணணும். அந்தப் பட்டைக்கு ஜரிகைக்காரங்க பாஷையில பத்லான்னு பேர். அரபியில பெல்லி டான்ஸ் செட்டையும் பத்லாங்கறாங்க. காதுக்கு ஒண்ணா விழுது, அவ்வளவுதான், ஆனா அன்னிக்கு பூரா எனக்குச் சிரிப்பு தாங்கலை. அசல் இல்லைன்னு ரெண்டு மார்க் குறைங்க, வாங்கிக்கறேன். தேடிப் பார்க்கலைன்னு மட்டும் சொல்லாதீங்க.

இருபதுகள்ல வயிறு தெரியாதுன்னு இன்னொரு ஞானம். அமெரிக்காவுல பிறந்த கறுப்பின நடனக்காரி ஜோசஃபின் பேக்கர் பாரிஸ் மேடையில வாழைப்பழப் பாவாடை கட்டி ஆடினது 1926. அது ஜாஸ் காலம் இல்லாம சோழர் காலமா? பால்ரூமுக்குப் போட்டுப் போற கவுன் வேற, மேடை உடுப்பு வேற. அதே 1926லதான் கெய்ரோவுல நடனக்காரி பதியா மஸாப்னி தன்னோட அரங்கத்தைத் திறந்தாங்க. சாமியா கமால், தஹியா காரியோக்கா எல்லாம் அங்க ஆடி வளர்ந்தவங்க. இன்னிக்கு "ஒரிஜினல்"னு நாம கும்பிடற கச்சும் பெல்ட்டும் அந்த மாதிரி மேடைகளும் ஹாலிவுட் படங்களும் ஒண்ணை ஒண்ணு பார்த்து உண்டாக்கினதுதான். சுத்தமான பெல்லி டான்ஸ் உடுப்பைக் காட்டுங்கன்னா எதைக் காட்டுவார் அந்த மனுஷர்?

இனி கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு இப்பவே சொல்லிடறேன்.

"தமிழ்ப் பொண்ணு வயித்தைக் காட்டி…" அண்ணாச்சி, கல்யாண வீட்டுல சேலை கட்டின அத்தனை பேருக்கும் இடுப்பு தெரியுது. போய்ச் சாப்பிடுங்க.

"ஜாஸ் கறுப்பின மக்களோட வலியில பிறந்தது, அந்த ஆட்டம் அரபு மண்ணோடது, மாட்டுங்காவுல தையல் போடற உனக்கு என்னக்கா உரிமை?" இது நியாயமான கேள்வி, இதுக்கு நான் தூங்காம இருந்திருக்கேன். ஃபாரோ கிரீடம் வேண்டாம், அந்தப்புரக் கதை வேண்டாம், முகத்துக்கு நிறம் பூசற வேலை சுத்தமா வேண்டாம்னு அந்தப் பொண்ணும் நானும் முதல் நாளே பேசி முடிவு பண்ணினோம். அது போதுமான்னா, போதாதுதான். ஆனா ஒண்ணு. 1987ல சான் ஃபிரான்சிஸ்கோவுல கரோலினா நெரிச்சியோ ஆரம்பிச்ச ட்ரைபல் பாணி பெல்லி டான்ஸ் குழுவோட உடுப்பைப் பாருங்க. மேல போட்டிருக்கறது நம்ம ஊர் சோளி ரவிக்கை. நம்ம சோளியை அவங்க போட்டா ஸ்டைல், நான் அவங்க காலத்துக் கவுனை வெட்டினா மைக்கைப் பிடிச்சுக் கிண்டல். இது பதில் இல்லைன்னு எனக்கே தெரியுது. ஆனாலும் சொல்வேன்.

ஜாஸ் இந்த ஊருக்கு ஒண்ணும் விருந்தாளி இல்லை. 1935லயே அமெரிக்க ஜாஸ் வயலின்காரர் லியான் ஆபி தன்னோட குழுவோட வந்து தாஜ் ஹோட்டல்ல வாசிச்சிருக்கார். அதைக் கேட்டு வளர்ந்த கோவாக்காரங்க அப்புறம் சினிமா ஸ்டூடியோவுக்குப் போனாங்க. இந்திப் பட இசையமைப்பாளர் சி. ராம்சந்திரா பாட்டுல கோவாக்காரர் சிக் சாக்லேட்டோட ட்ரம்பெட்டைக் கேட்டுப் பாருங்க. எங்கப்பா கடை ரேடியோவுல அதுதான் ஓடும், தையல் மெஷின் சத்தத்துக்கு மேல. அவருக்கு அது ஜாஸ்னு தெரியாது. கால் மட்டும் பெடல்ல தாளம் தப்பாது.

சரி, அப்பா பேச்சு வந்துடுச்சு.

அஞ்சாவது படிக்கும்போது ஒருத்தி வகுப்புல எழுந்து நின்னு தன் பாவாடையைக் காட்டி, "இது இவங்கப்பா தச்சது, பாரு எப்படிக் கோணலா இருக்கு"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அது அவ விளிம்பைத் தானே பிரிச்சுவிட்ட கோணல். அப்பா தையல் எனக்குத் தெரியாதா? ஆனா நான் வாயைத் திறக்கலை. அன்னிக்கும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்.

வலிச்சது. டெய்லர்னு சொன்னதும்தான் வலிச்சது. மேல வருத்தமே கிடையாதுன்னு எழுதியிருக்கேன், அழிக்கலை, இருக்கட்டும். நன்றிப் பதிவுல நடன ஆசிரியருக்குப் பேர் இருக்கு, லைட் பண்ணினவருக்குப் பேர் இருக்கு, மேக்கப்புக்கு டேக் இருக்கு. எனக்கு "ஸ்டிச்சிங் சப்போர்ட்". அந்தப் பொண்ணு மேல கோபம் இல்லை, அவ சின்னப் பொண்ணு. இருந்தாலும் ஒன்னேகால் கிலோ பெல்ட்டுக்கு சப்போர்ட்டாம்.

"நீ மட்டும் கைவேலை பண்ணின காரிகருக்குப் பேர் போட்டியா?"ன்னு ஒருத்தர் கேட்பார், தெரியும். கூலி பேசினதுக்கு மேலயே கொடுத்திருக்கேன். அது வேற விஷயம்.

நேத்து சாயந்திரம் அறுந்த ஏழு சரத்தை எடுத்துக்கிட்டு, கைவேலை நடக்கற அட்டாவுக்குப் போனேன், அடுத்த வாரம் புனேல ஷோ. முகைஷும் மணியும் போட்ட பாய் கிளிப்பைப் பார்த்திருக்கார். தமிழ், இந்தி எதுலயும் அதிகம் பேசாதவர். ஊசியைச் சட்டத்துத் துணியில குத்தி வச்சுட்டு, கிண்டலே இல்லாம, நிஜமாவே தெரிஞ்சுக்கறதுக்காகக் கேட்டார்: "மேடம், அவர் டெய்லர்னு சொன்னது உங்களையா, என்னையா?"

மணியை எண்ணிக் கொடுத்துட்டு வந்துட்டேன்.