பாஸ்போர்ட் என்ன அடகுப் பொருளா?

பாங்காக்கிலிருந்து வந்து நாலு நாள் ஆகிறது. ராயபுரம் வீட்டு மொட்டை மாடியில் என் பை இன்னும் வெயிலில்தான் கிடக்கிறது. உள்ளே கொண்டுவரக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூட்டைப்பூச்சி. அது ரத்தமே குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அம்மா பயப்படுவதில் தப்பே இல்லை.

காவோ சான் ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு விடுதி. எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு படுக்கை, இரவுக்கு 300 பாட். ஏசி ஓடவில்லை, குளியலறையில் தண்ணீர் தேங்கி நின்றது. சரி, கொடுக்கிற காசுக்கு இவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் சாவிக்கு 200 பாட் முன்பணமும் வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டையும் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார்களே, அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ராத்திரி 2 மணிக்குக் கை, கழுத்தெல்லாம் வரிசையாகத் தடிப்பு. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் மெத்தைத் தையல் ஓரம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். பையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி வந்தேன். கவுன்ட்டரில் ஆள் இல்லை, காலை 8 மணிக்குத்தான் திறக்கும் என்று அட்டை தொங்குகிறது. காசு போனால் போகட்டும் என்று கிளம்பலாம், பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு எங்கே போவது? அது இல்லாமல் வேறு எந்த விடுதியில் சேர்ப்பார்கள்? விடியும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தாய்லாந்துச் சட்டம். தெரிவிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதற்கு ஒரு ஜெராக்ஸ் போதுமே! புத்தகத்தையே பூட்டி வைப்பது எதற்கு? அது என் சொத்துகூட இல்லை, இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. தண்டையார்பேட்டை அடகுக் கடையில் அரைப் பவுன் மோதிரத்தை வைத்தால்கூட ரசீது எழுதிக் கொடுக்கிறார்கள். இங்கே ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

காலையில் வந்த ஆளிடம் தடிப்பைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதிவு செய்த மூன்று இரவுக்கும் பணத்தைக் கட்டினால்தான் பாஸ்போர்ட் என்றார். கட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

அடுத்த மாதம் என் தம்பி வியட்நாம் போகிறான். அங்கேயும் பல விடுதிகளில் இதே பழக்கம்தான். நேற்றே அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்கிற இடத்தில் பையை இறக்கவே இறக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.