சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள்: கேள்வி கேட்டால் ஒப்பந்தம் நிற்காது

“எதிர்க்கட்சி எம்.பி. பாராளுமன்றத்தில கேட்ட கேள்வியோட எண்ணெய்த் தாங்கி ஒப்பந்தம் நிப்பாட்டியாச்சு, அமைச்சர் பதில் சொல்லாம ஓடிட்டார்” என்று திருகோணமலை சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றி ஒரு பதிவில் எழுதியிருப்பது பிழை.

கேள்விக்கு வாக்கெடுப்பே இல்லை. அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தத்தை நிறுத்துவது அமைச்சரவையோ நீதிமன்றமோ செய்கிற வேலை.

பாராளுமன்ற நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் 27(2) என்பது அவசர பொது விடயங்களை எதிர்க்கட்சித் தலைவரும் எதிரணிக் கட்சித் தலைவர்களும் எழுப்புகிற வழி. சாதாரண எம்.பி. வாய்மூல விடைக்கான வினாவை முன்கூட்டியே எழுத்தில் கொடுப்பார். விபரம் கைக்கு வராவிட்டால் அரசாங்கத் தரப்பு கால அவகாசம் கேட்கும். இது வழமை, ஓட்டமில்லை. ஆனால் அவகாசத்துக்கு மேல் அவகாசம் கேட்டு இழுப்பதும் நடக்கிறதுதான், அதைத் திட்டுங்கள், நியாயம்.

எண்ணிக்கையும் பிழை. “99 தாங்கியும் இந்தியாவுக்கு” என்று சொல்வது சரியல்ல. 2022 ஜனவரி ஏற்பாட்டின்படி 14 லங்கா ஐஓசிக்கு (இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனி), 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49. குத்தகை 50 வருடம்.

அந்த 61ஐத் திருத்த யார் காசு போடுவது, எப்போது முடியும் என்று கேட்டால் அமைச்சர் நழுவ முடியாது. “ஏன் வித்தீங்க?” என்றால் “விற்கவில்லை, குத்தகை” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். வெட்டிய வீடியோவை விட்டு, பாராளுமன்றப் பேச்சுகளை அப்படியே பதிவு செய்யும் அன்றைய ஹன்சாட்டைப் பாருங்கள், துணைக் கேள்விகளும் அதில் இருக்கும்.