விழுந்ததா, விழுத்தினார்களா என்பதோடு நின்றுவிடுகிறோம்

போர்க்காலத்தில் ஒரு இராணுவ விமானம் விழுந்தால் நம் இலங்கையில் ஒரே கேள்விதான். விழுந்ததா, விழுத்தினார்களா? ஒரு பக்கம் இயந்திரக் கோளாறு என்று சொல்லும். மறுபக்கம் நாங்கள்தான் அடித்தோம் என்று சொல்லும், இல்லாவிட்டால் வாயே திறக்காது. இரண்டு நாள் பத்திரிகையில் ஓடும், அப்புறம் அடுத்த சண்டை வந்துவிடும். எத்தனை பேரை ஏற்றினார்கள், கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள், ஓட்டியவர் அன்றைக்கு எத்தனையாவது தடவை பறந்தார் என்றெல்லாம் கேட்க ஆளில்லை. கேட்டாலும், போர் நடக்கிற நேரத்தில் இதெல்லாமா என்பார்கள்.

இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. 1990களிலும் 2000இலும் ஆட்களை ஏற்றிப் போய் விழுந்த போக்குவரத்து விமானங்களின் விசாரணை அறிக்கைகள் இப்போதாவது குடும்பங்களின் கைக்குப் போக வேண்டும். போர் முடிந்தது 2009இல். இன்னும் யாரிடமிருந்து மறைப்பது?

அம்பாறையில் ஒரு கந்தோரில் என்னோடு வேலை செய்த ஒரு அக்கா, உகணைப் பக்கத்துச் சிங்களக் குடும்பம். வடக்குக்குப் போன விமானம் ஒன்றில் அண்ணனைப் பறிகொடுத்தவர். தேநீர் நேரத்தில் ஒருநாள் தானாகவே சொன்னார்: "அம்மா கேட்கிறது ஒன்றுதான் மல்லி (தம்பி). அண்ணன் சீட்டில இருந்து போனாரா, நின்றுகொண்டு போனாரா?" முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். லீவில் வீட்டுக்கு வந்தபோது அண்ணன், பிளேனில் இடமில்லாமல் ஆளுக்கு மேல் ஆள் ஏறிப் போவதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாராம். யார் சுட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்று அந்தத் தாய் கேட்கவில்லை. தன் பிள்ளையை எப்படி ஏற்றினார்கள் என்பதைத்தான் கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஏற்றுப் பட்டியல், அதாவது எத்தனை பேர், எவ்வளவு பாரம் ஏறியது என்ற பதிவு, எந்த விமானத்துக்கும் இருந்தாக வேண்டும்.

அன்டனோவ் 32ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெப்ப நாடுகளுக்கும் உயரமான ஓடுபாதைகளுக்கும் என்றே பழைய அன்டனோவ் 26இல் பெரிய இயந்திரங்களைப் பொருத்திச் செய்தது. சுமை ஏறக்குறைய 6,700 கிலோ. ஆள் கணக்கில் 50 பேர் வரை. 1995 செப்டம்பர் 13இல் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போன அன்டனோவ் 32 நீர்கொழும்புக் கடலில் விழுந்தபோது அதில் இருந்தது 75 பேர் வரை. ஒரு சிப்பாய் தன் பொதி, துப்பாக்கி, சப்பாத்து எல்லாம் சேர்த்து 90 கிலோ என்றே வைப்போம். 75 பேருக்கு 6,750. அதுவே எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. சுமைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சூடான காற்றில் இறக்கைக்கும் பலம் குறையும், இயந்திரத்துக்கும் பலம் குறையும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு இயந்திரம் நின்றுவிட்டால், மிச்ச இயந்திரம் தூக்கக்கூடிய பாரமா அது என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் இடையில் நிற்கிற கேள்வி. எந்த விசாரணையாளரும் முதலில் கேட்பது அதைத்தான். அந்தக் கணக்கைக் குடும்பங்களும் பார்க்கட்டுமே.

போரில் இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2013 ஏப்ரல் 29இல் ஆப்கானிஸ்தான் பக்ராம் தளத்திலிருந்து கிளம்பிய போயிங் 747 சரக்கு விமானம் ஓடுபாதையின் முனையிலேயே மூக்கை நேரே மேலே தூக்கி, அப்படியே சரிந்து விழுந்தது. ஏழு பேரும் பலி. தாங்கள்தான் வீழ்த்தியதாகத் தாலிபான் உடனே உரிமை கோரியது. அத்தோடு விட்டிருந்தால் அது இன்றைக்கும் தாலிபான் கணக்கில்தான் இருக்கும். விடவில்லை. விசாரித்தார்கள். உள்ளே ஐந்து இராணுவக் கவச வாகனங்கள், ஒவ்வொன்றும் பல தொன். கட்டிய பட்டிகள் போதவில்லை. கிளம்பும்போது குறைந்தது ஒரு வாகனமாவது பின்னால் உருண்டு, பின்சுவரை உடைத்துக்கொண்டு போய், வாலைக் கட்டுப்படுத்தும் பொறியைச் சிதைத்துவிட்டது. பட்டியை எப்படிக் கட்டுவது என்று அந்த நிறுவனம் வைத்திருந்த முறையே பிழை, அதை மேற்பார்த்த அமெரிக்க அரச அமைப்பும் கவனிக்கவில்லை என்று 2015இல் வெளிப்படையாக எழுதிப் போட்டார்கள். யாரும் வாசிக்கலாம். ஆப்கானிஸ்தானில் அப்போதும் போர் நடந்துகொண்டுதான் இருந்தது.

ஸ்பெயின்காரர் கதை இதற்கு நேர் எதிர். 2003 மே 26இல் ஆப்கானிஸ்தானில் கடமை முடித்து வீடு திரும்பிய 62 ஸ்பானிய இராணுவத்தினரோடு வந்த யாக் 42 துருக்கியில் டிராப்சன் அருகே மலையில் மோதியது. வாடகைக்கு எடுத்த விமானம். விமானப் பணியாளர்களோடு சேர்த்து 75 பேர் செத்தார்கள். இந்த வாடகை விமானங்களின் நிலை பற்றிப் படையினர் முன்பே முறையிட்டிருந்தார்கள். அதைவிடக் கொடுமை, அவசர அவசரமாகப் பிரேதங்களைப் பெட்டியில் போட்டு 30 உடல்களுக்குப் பிழையான பெயரை எழுதி அனுப்பினார்கள். வேறு யாருடைய பிள்ளையையோ தங்கள் பிள்ளை என்று புதைத்தார்கள் பெற்றோர். குடும்பங்கள் விடவில்லை. உடல்களைத் தோண்டி மரபணுச் சோதனை செய்தார்கள், வழக்குப் போட்டார்கள், 2009இல் ஒரு ஜெனரல் குற்றவாளியானார். 2017இல் அந்நாட்டு அரச ஆலோசனை மன்றமே பாதுகாப்பு அமைச்சுக்குப் பொறுப்பு உண்டு என்று சொன்னது. 14 வருடம் எடுத்தது, ஆனால் சொல்ல வைத்தார்கள்.

நம்மிடமும் வாடகை விமானம் இருந்தது. 2000 மார்ச் 30இல் அநுராதபுரம் மாவட்டம் தலாவைப் பக்கம் விழுந்த அன்டனோவ் 26 அப்படிப்பட்டதுதான். பலாலியிலிருந்து திரும்பியவர்கள், பணியாளர்களோடு 40 பேர். அந்த விமானத்தை எந்தத் தரம் பார்த்து எடுத்தார்கள், யார் கையெழுத்து வைத்தது என்று அவர்களின் வீட்டாருக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

சுட்டு விழுத்தியவையும் இருக்கின்றன, அதையும் மறைக்கத் தேவையில்லை. 1995 ஏப்ரல் 28இல் பலாலிக்கு அருகே ஒரு அவ்ரோ போக்குவரத்து விமானம், மறுநாள் 29இல் இன்னொரு அவ்ரோ. தோளில் வைத்து அடிக்கும் ஏவுகணை. இரண்டிலும் சேர்த்து தொண்ணூறுக்கு மேல். முதலாவது விழுந்து ஒரு நாள்கூடச் சரியாக ஆகாத நிலையில் இரண்டாவதை அனுப்பத் தீர்மானித்தது யார், என்ன தகவலை வைத்துத் தீர்மானித்தார் என்பதும் ஒரு கேள்விதான். புலி சுட்டது என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது.

அப்புறம் லயன் எயார் என்ற தனியார் சேவையின் விமானம். 1998 செப்டம்பர் 29, பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வந்த அன்டனோவ் 24, 55 பேர். இது இராணுவ விமானமும் இல்லை. தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால் காசைக் கொடுத்து ஏறிய சனம், பெரும்பாலும் நம் சனம். இராணுவத்தின் ஓடுபாதையிலிருந்து, இராணுவம் பறக்கும் அதே வானத்தில், ஏற்கெனவே புலிகளின் எச்சரிக்கை வந்திருந்த சேவையில் அவர்களை ஏற்றினார்கள். சுட்டவர்களும் அதில் யார் இருப்பார்கள் என்று தெரிந்துதான் சுட்டார்கள். நம் ஆட்களில் பலருக்கு இதைப் பேச இன்றைக்கும் வாய் வராது. எனக்கு அது வெட்கமாக இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன். 2012இல்தான் இரணைதீவுக் கடலடியில் அதன் சிதைவு கிடைத்தது. 14 வருடமாகப் பிள்ளை எங்கேயாவது உயிரோடு இருக்கும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மாருக்கு என்ன சொல்வது?

மட்டக்களப்பான் நீ, ஆமிக்காரனுக்கு ஏன் அழுகிறாய் என்று கீழே எழுதப் போகிறீர்கள், தெரியும். யாழ்ப்பாணத்தில் சரக்கு விமானங்களிலிருந்து பீப்பாக் குண்டு உருட்டி விட்டதையும், சனம் அதுக்குச் சகடை என்று பேர் வைத்ததையும் நான் மறக்கவில்லை. 1990 செப்டம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து ஏற்றிப் போன 158 பேருக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கும் நாம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? அதனால்தான் எழுதுகிறேன். பதில் சொல்லாத அரசோடு வாழ்வது என்றால் என்ன என்று இந்த மண்ணுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. உகணையில் இருக்கும் அந்தத் தாய்க்கும் அதே அரசுதான் பதில் சொல்லவில்லை. அங்கே ஒரு கோப்புத் திறந்தால், இங்கே இன்னொரு கோப்பைத் திறக்கச் சொல்லும்போது நம் பக்கத்தில் நிற்க ஆள் வரும். வராவிட்டாலும் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. 1983இல் விமானப்படை எடுத்துக்கொண்ட நம் மட்டக்களப்பு ஓடுபாதை 2018இல் உள்நாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. நாளைக்கு நம் பிள்ளைகள் ஏறப்போகிற விமானங்கள். பழைய விபத்துகளிலிருந்து இந்த நாடு என்ன படித்தது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு உரிமை இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தேசியப் பாதுகாப்பைக் காட்டி மறுக்க இடமுண்டு. ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதாக இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முப்பது வருடத்துக்கு முன்னால் விழுந்த விமானத்தின் ஏற்றுப் பட்டியலிலும் பழுதுபார்த்த பதிவிலும் என்ன பாதுகாப்பு இரகசியம் மிச்சம் இருக்கும்? இந்த மாதம் முதல் விண்ணப்பத்தைப் போடப் போகிறோம், அந்த அக்காவும் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். லயன் எயார் குடும்பங்கள், 1995, 2000 விமானங்களில் ஆட்களை இழந்த குடும்பங்கள் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்க எங்களிடம் ஆள் இருக்கிறது. மேன்முறையீடு வரை கூட வரக்கூடிய ஒரு சட்டத்தரணிதான் இப்போது தேவை.