அலகின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நாஜிக் காலக் குறுவாள்களைப் பற்றிய ஒரு கட்டுரையில், கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான ஜோலிங்கனின் "முத்திரை இருந்தாலே அபூர்வம்" என்று இருக்கிறது. ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாஜிக் கட்சியின் எஸ்.ஏ. படைக்கான குறுவாள்கள் பெருமளவில் செய்யப்பட்டவை. அந்த ஊர்த் தயாரிப்பு நிறுவனமான ஐக்கார்னின் முத்திரை போட்டவை இன்றும் ஏலத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

விலையை ஏற்றுவது அலகின் பின்பக்கம். படைத்தலைவர் எர்ன்ஸ்ட் ரோம், 1934 தொடக்கத்தில் பழைய உறுப்பினர்களுக்குத் தன் பெயரோடு நட்பு வாசகம் பொறித்த குறுவாள்களைக் கொடுத்தார். ஜூன் 30 அன்று ஹிட்லரே அவரைக் கைது செய்தார். மறுநாள் சுட்டுக் கொன்றார்கள். பெயரைத் தேய்த்து அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பலரும் பயந்து அழித்துவிட்டார்கள். வாசகம் முழுதாகத் தப்பியதுதான் அபூர்வம், போலிக்காரர்கள் கைவைப்பதும் அதில்தான். சாதாரண அலகில் புதிதாக எழுத்தை ஏற்றிவிடுகிறார்கள்! அதே அலகில் ஆர்.இசட்.எம். (நாஜிக் கட்சியின் தளவாட அலுவலகம்) குறியீட்டு எண்ணும் இருந்தால் தொடவே வேண்டாம். அந்த எண்முறை ரோம் செத்த பிறகு வந்தது.